சேலத்திலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு: எகானமி வகுப்பில் எதைப் பார்த்து டிக்கெட் எடுப்பது

அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருக்கும் பிள்ளையைப் பார்க்கச் சேலத்திலிருந்து கிளம்பும் ஒருவர், வீட்டு வாசலில் காரில் ஏறியதிலிருந்து பிள்ளையின் வீட்டு வாசலில் இறங்கும் வரையிலான நேரத்தைக் கூட்டிப் பார்த்தால், அது ஒன்றரை நாளை நெருங்கும். அதில் பாதிக்கும் மேலான நேரம் எகானமி வகுப்பு இருக்கையில் கழியும். இவ்வளவு பெரிய பயணத்துக்கு டிக்கெட் எடுக்கும்போது நம் ஊரில் பெரும்பாலும் கேட்கப்படுபவை இரண்டே கேள்விகள்: எந்த ஏர்லைன்ஸ் பெயர் பெற்றது, எதில் விலை குறைவு. என் பெற்றோர் தம்பி குடும்பத்தைப் பார்க்கக் கலிபோர்னியா போவதென்று முடிவானபோது, டிக்கெட் எடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. இருவரும் அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி, அப்பாவுக்கு ரத்த அழுத்தம். அவர்களுக்காக நேர அட்டவணைகளையும் இருக்கை வரைபடங்களையும் பல இரவுகள் உட்கார்ந்து படித்த பிறகு, நிறுவனத்தின் பெயரைக் கடைசிக்குத் தள்ளிவிட்டுப் பயணத்தின் மிக நீண்ட கட்டத்தைத்தான் முதலில் ஆராய வேண்டும் என்ற முடிவுக்கு வந்தேன். அந்தக் கட்டம் எத்தனை மணி நேரம், அதில் பறப்பது எந்த ரக விமானம், அதற்கு முன்போ பின்போ எங்கே இறங்கிக் காலாற நடக்கப்போகிறோம் என்ற மூன்றும் தெரிந்துவிட்டால், மற்றவற்றை முடிவு செய்வது எளிது.

நமக்கு வசதியான பெரிய பன்னாட்டு விமான நிலையம் பெங்களூரு. அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு இடையில் ஓர் ஊரில் விமானம் மாறி எந்த வழியில் போனாலும் வானத்தில் இருக்கும் நேரம் பெரிதாக மாறுவதில்லை. ஏறத்தாழ பதினெட்டிலிருந்து இருபத்தொரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். மாறுவது அந்த நேரம் எப்படித் துண்டாகிறது என்பதுதான். துபாய், தோஹா வழியாகப் போனால் முதலில் நான்கு மணி நேரம், பிறகு ஒரே மூச்சில் பதினாறு மணி நேரம். சிங்கப்பூர் வழியும் கிட்டத்தட்ட அப்படியே: நாலரை மணி நேரமும், அதன்பின் பதினைந்தை ஒட்டியும். ஹாங்காங் வழியில் ஆறும் பன்னிரண்டு பதின்மூன்றும். ஃபிராங்க்ஃபர்ட், லண்டன், பாரிஸ் வழியாகப் போனால் பத்தும் பதினொன்றும். டோக்கியோ வழியில் எட்டரையும் ஒன்பதரையும். ஏர் இந்தியா 2021 ஜனவரியில் பெங்களூருக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே தொடங்கிய நேரடிச் சேவை, ஏறத்தாழ 14,000 கிலோமீட்டரைப் பதினேழு மணி நேரத்தில் ஒரே பாய்ச்சலாகக் கடந்தது. அதன் தொடக்க விமானத்தைப் பெண் விமானிகள் மட்டுமே வடதுருவத்தின் மேலாக ஓட்டி வந்தது அப்போது நாடெங்கும் பேசப்பட்டது.

நான்கும் பதினாறும் கூட்டினாலும் இருபது, பத்தும் பத்தும் கூட்டினாலும் இருபது. உடம்புக்கு இரண்டும் ஒன்றல்ல. ஒருவர் எகானமி இருக்கையில் முதல் உணவு, சிறிது தூக்கம், ஒரு படம், கழிவறைக்கு ஒன்றிரண்டு நடை என்று எட்டு ஒன்பது மணி நேரத்தை ஓரளவு சமாளித்துவிடுகிறார். அதன் பிறகுதான் இடுப்பும் முழங்காலும் கேள்வி கேட்கத் தொடங்குகின்றன. பதினாறு மணி நேர விமானத்தில் அந்தப் புள்ளியில் இன்னும் ஏழு மணி நேரம் மிச்சமிருக்கும். பத்து மணி நேர விமானத்தில் அதே புள்ளியில் இறங்கத் தயாராகச் சொல்வார்கள். இறங்கி நடக்கலாம், முகம் கழுவலாம், நீண்ட பெஞ்சில் கால் நீட்டலாம். நாமக்கல்லில் இருக்கும் என் அத்தை, மகள் வீட்டுக்குப் போய்வந்தவர், இதை என்னிடம் ஒரே வரியில் சொன்னார்: “சோறு எப்படி இருந்தாலும் தின்னுக்கலாம் கண்ணு, காலு மரத்துப்போச்சுன்னா அந்தக் கஷ்டத்த யார்கிட்ட சொல்றது?”

கால் மரத்துப்போவது வெறும் அசௌகரியம் மட்டுமன்று. உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் கால் ரத்த நாளங்களில் ரத்தம் உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று கூறியது. உடல்நலமுள்ளவர்களில் அது ஆறாயிரம் பேரில் ஒருவருக்கு நேரும் அளவு என்பதால் யாரும் அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. ஆனால் அதே அறிக்கை, உயரம் 160 சென்டிமீட்டருக்குக் குறைந்தவர்களையும் 190க்கு மேற்பட்டவர்களையும் கூடுதல் ஆபத்துள்ளவர்களாகக் குறிப்பிட்டது. நம் வீட்டு அம்மாக்களில் மிகப் பலர் முதல் வகையில் வருவார்கள். பாதம் தரையில் முழுதாகப் பதியாமல் இருக்கையின் விளிம்பு தொடையின் பின்புறத்தை அழுத்துவதைக் கற்பனை செய்து பார்த்தால் காரணம் விளங்கும். ஆகவே குட்டையானவர்களுக்குக் காலடியில் வைத்துக்கொள்ள ஒரு மெத்தென்ற பையைக் கட்டாயம் கொடுத்தனுப்ப வேண்டும் என்பேன். இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: அந்த ஆய்வு விமானத்தை மட்டும் சொல்லவில்லை, காரையும் பேருந்தையும் ரயிலையும் சேர்த்தே சொன்னது. சேலத்திலிருந்து பெங்களூரு விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளி வரையிலான காரோட்டமும் அந்தக் கணக்கில் சேரும். வழியில் கிருஷ்ணகிரியில் ஒருமுறை இறங்கி நடப்பது சோம்பேறித்தனமாகத் தள்ளிப்போடக்கூடிய விஷயம் அன்று.

இனி விமான ரகம். டிக்கெட் பதிவு செய்யும் பக்கத்தில் விமான எண்ணுக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இது இருக்கும். பலர் பார்ப்பதே இல்லை. ஒரே நிறுவனம் ஒரே ஊருக்கு இரண்டு ரக விமானங்களை ஓட்டும்போது, அவற்றின் எகானமி வகுப்புகளுக்கு இடையிலான வேறுபாடு இரண்டு நிறுவனங்களுக்கு இடையிலான வேறுபாட்டைவிடப் பெரிதாக இருக்கக்கூடும். போயிங் 777 விமானம் 1995இல் சேவைக்கு வந்தபோது பெரும்பாலான நிறுவனங்கள் ஒரு வரிசையில் ஒன்பது இருக்கைகள் வைத்தன. பிறகு அதே அகலத்துக்குள் பத்தாவது இருக்கையைச் செருகினார்கள். மூன்று, நான்கு, மூன்று என்று. இருக்கையின் அகலம் பதினேழு அங்குலத்துக்கு இறங்கியது. வளைகுடா நிறுவனங்களின் 777 விமானங்கள் இன்று இந்த அமைப்பில்தான் பறக்கின்றன. ஏர்பஸ் ஏ350, 777ஐவிடச் சற்றே குறுகலான விமானம்; ஆனால் பெரும்பாலும் ஒன்பது இருக்கைகளே இருப்பதால் ஒவ்வொருவருக்கும் பதினெட்டு அங்குலம் கிடைக்கிறது. இரட்டை மாடி ஏ380இன் கீழ்த்தளத்தில் பத்து பேர் உட்கார்ந்தாலும் உடல் அகன்றது என்பதால் அங்கும் நெருக்கம் குறைவு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் 777 விமானங்களில் இன்னும் மூன்று, மூன்று, மூன்று என்று வைத்திருப்பது பாராட்டத்தக்கது. ஒரு அங்குலத்தில் என்ன வந்துவிடும் என்று கேட்பவர்கள், அறிமுகமில்லாத ஒருவரின் முழங்கை தன் விலாவில் பதினாறு மணி நேரம் இருக்குமா இருக்காதா என்பதை அந்த அங்குலம்தான் தீர்மானிக்கிறது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

முன்னிருக்கையின் முதுகிலிருந்து நம் இருக்கையின் முதுகு வரையிலான இடைவெளி பெரும்பாலான நிறுவனங்களில் முப்பத்தொன்று, முப்பத்திரண்டு அங்குலம். ஜப்பான் ஏர்லைன்ஸ் இதில் தனித்து நிற்கிறது. மற்றவர்கள் போயிங் 787இல் வரிசைக்கு ஒன்பது இருக்கைகள் வைக்கும்போது அவர்கள் எட்டே வைத்து, இடைவெளியையும் ஏறத்தாழ முப்பத்துமூன்று அங்குலமாக வைத்திருக்கிறார்கள். இரண்டு, நான்கு, இரண்டு என்ற அந்த அமைப்பில் வயதான தம்பதிக்கு இன்னொரு பெரிய நன்மையும் உண்டு: ஜன்னலோர இருவர் இருக்கையில் உட்கார்ந்தால் பக்கத்தில் மூன்றாம் மனிதர் இல்லை. அம்மா எழுந்திருக்க வேண்டுமென்றால் அப்பாவை மட்டும் எழுப்பினால் போதும். கூச்சம் காரணமாகப் பக்கத்து ஆளை எழுப்பாமல், அதற்காகவே தண்ணீரும் குடிக்காமல் வரும் பெரியவர்களை நான் அறிவேன். அவர்களுக்கு இது தரும் நிம்மதிக்கு விலை வைக்க முடியாது. ஏர்பஸ் ஏ330இலும் இதே இரண்டு, நான்கு, இரண்டு அமைப்பு உண்டு.

உலகின் மிக நீண்ட வழித்தடங்களில் ஒன்றான சிங்கப்பூர்–நியூயார்க் விமானத்தில், பதினெட்டு மணி நேரத்துக்கும் மேலான அந்தப் பயணத்துக்கென்றே அமைக்கப்பட்ட ஏ350 ரகத்தில், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எகானமி வகுப்பே வைக்கவில்லை. பிரீமியம் எகானமியும் பிசினஸும் மட்டுமே. எடைக் கணக்கும் வருமானக் கணக்கும் அதற்குக் காரணமாக இருக்கலாம். ஆயினும் அவ்வளவு நேரத்தைச் சாதாரண இருக்கையில் கழிப்பதைப் பற்றி நாம் யோசிக்கும்போது இந்தத் தகவலை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

ரகத்தைப் பார்க்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம், பலருக்கும் தெரியாதது, காற்றழுத்தம். விமானம் முப்பத்தைந்தாயிரம் அடிக்கு மேல் பறந்தாலும் உள்ளே அழுத்தத்தைக் கூட்டி, நாம் ஏதோ ஒரு மலையில் இருப்பது போன்ற நிலையை உண்டாக்குகிறார்கள். சட்டப்படி அந்த மலை 8,000 அடிக்கு மேல் போகக் கூடாது. 777 போன்ற உலோக உடல் கொண்ட விமானங்களில் அந்த எல்லையை ஒட்டிப் போகலாம். கார்பன் இழையால் ஆன 787, ஏ350 இரண்டிலும் அதை 6,000 அடி அளவில் வைக்க முடிகிறது. நம் ஏற்காடு ஏறத்தாழ 5,000 அடி, சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி 5,300 அடியைத் தாண்டுகிறது. ஆக, 787இல் உட்கார்ந்திருப்பது சேர்வராயன் மலைக்குச் சற்று மேலே உட்கார்ந்திருப்பதற்குச் சமம். 8,000 அடி என்பதோ ஊட்டி நகரத்தைவிட உயரம். கிட்டத்தட்ட தொட்டபெட்டாவை நோக்கி ஏறும் பாதி வழி. அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு கடல்மட்டத்தில் கிடைப்பதில் முக்கால் பங்குதான். 2007இல் ஒரு மருத்துவ ஆய்வில், தன்னார்வலர்களை அழுத்தம் மாற்றக்கூடிய அறையில் இருபது மணி நேரம் வைத்துப் பார்த்தார்கள். 7,000, 8,000 அடி அளவில் உடல் அசௌகரியம் அதிகரித்ததையும், அது மூன்று மணி நேரத்துக்குப் பிறகே தெரியத் தொடங்கியதையும் பதிவு செய்தார்கள். குறுகிய பயணத்தில் உறைக்காத இந்த வேறுபாடு நீண்ட பயணத்தில் தலைவலியாகவும் சோர்வாகவும் வெளிப்படுகிறது. ஏற்காட்டில் இரண்டு நாள் இருந்தால் ஒன்றும் ஆவதில்லை என்பது நமக்கு அனுபவத்தில் தெரியும். ஊட்டியில் முதல் நாள் படியேறினால் மூச்சு வாங்கும் பெரியவர்களையும் பார்த்திருக்கிறோம். இதயமோ நுரையீரலோ பலவீனமாக உள்ளவர்கள் எந்த விமானமானாலும் மருத்துவரைக் கேட்டுவிட்டே கிளம்ப வேண்டும்.

இவ்வளவையும் சொன்ன பிறகும், சமமாகத் துண்டாகும் வழி எல்லோருக்கும் உகந்தது என்று சொல்ல மாட்டேன். தனியாகப் போகும், ஆங்கிலம் சரளமாக வராத, விமான நிலையத்தில் வழி கேட்கத் தயங்கும் ஒருவருக்கு ஃபிராங்க்ஃபர்ட்டில் முனையம் மாறுவது பத்து மணி நேர உட்காரலைவிடப் பெரிய சோதனை. அவருக்கு நேரடி விமானம் ஓடும் காலத்தில் அதுவே வரம். வளைகுடா விமான நிலையங்களில் தமிழ் பேசும் ஊழியர் ஒருவர் கண்ணில் படாமல் போவது அரிது. அந்த ஆறுதலும் ஒரு கணக்குத்தான். அபுதாபியில் இன்னொரு வசதி உண்டு: அமெரிக்கக் குடியேற்றச் சோதனையை அங்கேயே முடித்துவிடுவதால், அமெரிக்காவில் உள்நாட்டுப் பயணியைப் போல இறங்கி நேராக வெளியே வரலாம். தூக்க மாத்திரையே தேவையில்லாமல் எங்கும் தூங்கிவிடும் இளைஞர்கள் விலையை மட்டும் பார்த்துப் போகலாம்.

நேரடி விமானம் ஓடும் காலத்தில் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. 2022 பிப்ரவரிக்குப் பின் அமெரிக்க, ஐரோப்பிய நிறுவனங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடியது. 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்குப் பாகிஸ்தான் வான்வெளி மூடியது. வட அமெரிக்கா செல்லும் சில ஏர் இந்தியா விமானங்கள் வியன்னாவில் எரிபொருள் நிரப்பிப் போக வேண்டியதாயிற்று. அதே ஆண்டு ஜூன் 23 அன்று கத்தார் சில மணி நேரம் தன் வான்வெளியை மூடியபோது தோஹா வழியாகப் போகவிருந்த ஆயிரக்கணக்கானோர் ஆங்காங்கே நின்றார்கள். அட்டவணையை ஆறு மாதத்துக்கு முன் யாரோ சொன்னபடி நம்பாமல், பதிவு செய்யும் நாளில் பார்க்க வேண்டும்.

அப்படிப்பட்ட நாளில் பயணியைக் காப்பாற்றுவது ஒன்றே: எல்லாக் கட்டங்களும் ஒரே பி.என்.ஆர். எண்ணில் இருப்பது. ஒரே டிக்கெட்டாக இருந்தால் முதல் விமானம் தாமதமாகி அடுத்தது தவறினாலும், மாற்று விமானத்தில் ஏற்றி அனுப்புவது நிறுவனத்தின் கடமை. பெட்டியும் கடைசி ஊருக்கே குறியிடப்படும். சில ஆயிரம் மிச்சமாகிறது என்று இரண்டு தனி டிக்கெட்டுகளை ஒட்டித் தரும் இணையதளங்கள் உண்டு. எங்கள் உறவில் ஒரு குடும்பம் அப்படிப் போய், முதல் விமானம் தாமதமானதால் இரண்டாவது டிக்கெட்டை முழுதாக இழந்து, நள்ளிரவில் புதிதாக வாங்கியது. தனித்தனி டிக்கெட்டில் இடையில் பெட்டியை எடுத்து மீண்டும் ஒப்படைக்க வேண்டுமென்றால் அந்த நாட்டு விசாவும் வேண்டியிருக்கும். டோக்கியோவில் நரிடா, ஹனேடா என்று இரண்டு விமான நிலையங்கள், ஒன்றுக்கொன்று அறுபது கிலோமீட்டருக்கு மேல். இறங்குவதும் ஏறுவதும் ஒரே நிலையத்தில்தானா என்பதை விரல் வைத்துப் பார்க்க வேண்டும். இணைப்புக்கு இடையே இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாமலும் ஐந்து மணி நேரத்துக்கு மிகாமலும் இருப்பது பெரியவர்களுக்கு நல்லது என்பது என் கணிப்பு.

காமலாபுரத்தில் நம் விமான நிலையம் 2023 அக்டோபரில் மீண்டும் இயங்கத் தொடங்கியபோது, இங்கேயே ஏறிச் சென்னையில் மாறிக்கொள்ளலாமே என்று பலரும் மகிழ்ந்தோம். தனியாக எடுக்கும் உள்நாட்டு டிக்கெட்டில் பெட்டிக்குப் பொதுவாகப் பதினைந்து கிலோதான். அமெரிக்கப் பயணத்துக்கோ பெரும்பாலும் இருபத்துமூன்று கிலோ பெட்டிகள் இரண்டு. பன்னாட்டு டிக்கெட்டோடு ஒன்றாகக் கிடைத்தால் ஒழிய அது கட்டுப்படியாகாது. திருச்சியிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் சிங்கப்பூருக்கு ஸ்கூட் விமானங்கள் உண்டு. ஸ்கூட், சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் துணை நிறுவனம் என்பதால் இரண்டையும் ஒரே டிக்கெட்டில் எடுக்கலாம். ஆஸ்திரேலியாவுக்குப் போகிறவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பெங்களூரு போக்குவரத்தில் சிக்காமல் நாமக்கல் வழியாக மூன்று மணி நேரத்துக்குள் திருச்சி போய்விடலாம்.

உணவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சைவம் வேண்டுவோர் குறைந்தது இருபத்துநான்கு மணி நேரத்துக்கு முன் ‘ஏ.வி.எம்.எல்.’ என்ற குறியீட்டைப் பதிவு செய்ய வேண்டும். ‘ஹிந்து மீல்’ என்ற பெயரைப் பார்த்து அதைத் தேர்ந்தெடுத்துவிடக் கூடாது. அது மாட்டிறைச்சி இல்லாத அசைவம். சக்கர நாற்காலி கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவுமில்லை. நடக்க முடியும், நெடுந்தூரம் முடியாது என்பவர்களுக்கென்றே தனிக் குறியீடு இருக்கிறது, கட்டணமும் இல்லை.

விலைக்கு வருகிறேன். மிகக் குறைந்த விலை டிக்கெட்டைவிட ஒருவருக்குப் பதினைந்தாயிரம் ரூபாய் வரை கூடுதலாகக் கொடுத்து, நீண்ட கட்டத்தைப் பத்து மணி நேரத்துக்குள் அடக்கி, ஒரே டிக்கெட்டில், அகலமான இருக்கையுள்ள விமானத்தில் அனுப்புவது நியாயம் என்று முடிவு செய்தேன். அப்பாவுக்கு முதலில் அது வீண் செலவாகப் பட்டது. அம்மாவின் முழங்காலைக் காட்டி, இருக்கை வரைபடத்தையும் விரித்துக் காட்டிய பிறகு ஒப்புக்கொண்டார். டோக்கியோ வழியை எடுத்தோம். இருவர் இருக்கையை அன்றே குறித்தோம்.

திரும்பி வருவதைத் தனிக் கணக்காகப் போட வேண்டும். மேற்கிலிருந்து கிழக்காக வீசும் உயர்வானக் காற்று எதிர்ப்படுவதால், பசிபிக்கைக் கடந்து டோக்கியோவுக்குத் திரும்பும் விமானம் போனதைவிட ஒன்றரை மணி நேரம் கூடுதலாகப் பறக்கிறது; ஐரோப்பா வழியில் திரும்புவோருக்கு அதே காற்று துணையாக வந்து நேரம் குறைகிறது. பெங்களூருக்கு வரும் பன்னாட்டு விமானங்களில் பல நள்ளிரவை ஒட்டித் தரையிறங்குகின்றன. குடியேற்றம், பெட்டி எல்லாம் முடித்து இரண்டு மணிக்கு வெளியே வந்து, சேலத்திலிருந்து பகலெல்லாம் ஓட்டி வந்த ஓட்டுநரை எழுப்பி உடனே கிளம்பினால், தொப்பூர் கணவாயின் இறக்கத்தில் லாரிகளுக்கு நடுவே இறங்கும் நேரம் விடிவதற்குச் சற்று முன், எல்லோருக்கும் கண் சொருகும் வேளையாக இருக்கும். அந்த இறக்கத்தின் விபத்துச் செய்திகளைப் படித்து வளர்ந்தவர்கள் நாம். பகலில் தரையிறங்கும் விமானம் இரண்டாயிரம் மூவாயிரம் கூடுதலானாலும் அதை எடுக்கலாம். கிடைக்காவிட்டால் தேவனஹள்ளியிலோ ஓசூரிலோ அறை எடுத்து ஓட்டுநரையும் சேர்த்துத் தூங்க வைத்து, காலை உணவுக்குப் பின் கிளம்பலாம். அந்த அறை வாடகையையும் டிக்கெட் விலையோடு சேர்த்தே ஒப்பிட வேண்டும்.